எட்டு வயதுக்கு மேற்பட்ட மெத்தைகள்

வசந்தகுமாரி மேடத்தின் முந்தானையில் ஊர்ந்துகொண்டிருந்த மூட்டைப்பூச்சியை முதலில் பார்த்தவர் கங்காதரன்தான். பார்த்தவுடனேயே அது தம் வீட்டுப் பூச்சி என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

பருத்திப்பட்டு ஏரியைப் பார்த்தாற்போல் நிற்கும், நாற்பத்தெட்டு வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்க அலுவலகத்தில் அது நடந்தது. குளியலறைச் சுவரில் நீர் கசிவதைப் பற்றி மூன்றாவது முறையாக மனு கொடுக்க வந்த கங்காதரனை, சங்கத் தலைவியான மேடம் பெரிய மனது பண்ணி, சோபாவில் தம் பக்கத்தில் உட்காரச் சொல்லியிருந்தார். பூச்சி கங்காதரனின் முழுக்கைச் சட்டையிலிருந்து இறங்கி, சோபாவின் தையலைக் கடந்து, மயில்கழுத்து நிறப் பட்டில் ஏறி, சரிகைப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. சொல்லிவிடலாமா என்று நினைத்தார். சொன்னால் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். அவர் நீர்க்கசிவைப் பற்றியே தொடர்ந்து பேசினார். சித்திரை வெயிலில் எதற்கு முழுக்கைச் சட்டை என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு கைகளிலும் முழங்கை வரை தடிப்புத் தடிப்பாக இருப்பது அவருக்கும், மனைவி ரேணுகாவுக்கும், வீட்டு வேலைக்கு வரும் அஞ்சலைக்கும் மட்டும்தான் தெரியும்.

"மேடம், அசையாதீங்க" என்றார் செயலாளர் சிவராமன்.

சிவராமன் ஏதோ ஓர் அரசுத் துறையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தம் காலத்தில் ஒரு கோப்புகூடத் தொலைந்ததில்லை என்று சொல்வார். ஒரு கோப்பாவது முடிந்ததா என்று யாரும் கேட்டதில்லை. அவர் குண்டூசி டப்பாவைக் காலி செய்து, பூச்சியை அதற்குள் தள்ளி மூடி, மூடியின்மேல் தேதியும் நேரமும் எழுதினார். பிறகு தலைவியிடம், "கண்டெடுக்கப்பட்ட இடம்னு என்ன போடலாம்?" என்று கேட்டார். மேடம் சற்று யோசித்துவிட்டு, "அலுவலக வளாகம்னு போடுங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கார் நிறுத்தும் இடத்தில் அவசரப் பொதுக்குழு கூடியது. டப்பாவை மேசைமேல் வெள்ளைக் கைக்குட்டை விரித்து வைத்திருந்தார்கள்.

தலைவி எழுந்தார். "முப்பத்தொரு வருஷம் கல்லூரியில வேலை பார்த்திருக்கேன். துணை முதல்வரா ஓய்வு பெற்றேன். யார் யாரோ உட்கார்ந்த நாற்காலியில எல்லாம் முகம் சுளிக்காம உட்கார்ந்திருக்கேன். ஒரு பூச்சி என்மேல ஏறினதில்ல. இந்தப் பூச்சி ஏறினது வசந்தகுமாரிங்கிற தனி மனுஷி மேல இல்லை. தலைவர் பதவி மேல ஏறியிருக்கு. அதனாலதான் வருத்தப்படறேன். எனக்காக இல்லை."

கைதட்டினார்கள். கங்காதரனும் தட்டினார்.

அடுத்து, நான்காம் மாடி நிர்மல் மடிக்கணினியைத் திறந்தான். மென்பொருள் கம்பெனியில் வேலை பார்ப்பவன். எதையும் அட்டவணையில் போட்டுவிட்டால் பாதி தீர்ந்தது என்று நம்புபவன். "மூட்டைப்பூச்சி பழைய மெத்தையிலதான் தங்கும். நார் மெத்தைக்கு ஆறு வருஷம், நுரை மெத்தைக்கு எட்டு, ஸ்பிரிங்குக்குப் பத்து. அதுக்கு மேல வச்சிருக்கக் கூடாது. இன்டர்நெட்ல எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க."

"எல்லாரும்னா யாருப்பா?" என்று கேட்டார் இரண்டாம் மாடி முகமது இஸ்மாயில்.

"மெத்தை கம்பெனிக்காரங்க சார்."

"அவங்க வேற எப்படிச் சொல்லுவாங்க?" என்றார் இஸ்மாயில். "பூச்சி மெத்தையோட பிறந்த நாள் பார்த்தா வருது? புதுசுலயும் வரும். நாலு நாள் நல்ல வெயில்ல போட்டு, கட்டில் இடுக்கெல்லாம் வெந்நீர் ஊத்தினா போயிடும். மொட்டை மாடியைத் திறந்து விடுங்க."

சிவராமன் குறிப்பேட்டைப் புரட்டினார். "மொட்டை மாடியிலயோ பால்கனியிலயோ மெத்தை, போர்வை காயப்போடக் கூடாதுன்னு தீர்மானம் பதினேழு இருக்கு. கட்டடத்தோட தோற்றம் கெடுது."

"அந்தத் தீர்மானத்தை எடுத்துடலாமே."

"எடுக்கிறதுக்கு ஒரு தீர்மானம் வேணும். அது இன்னைக்கு நிகழ்ச்சி நிரல்ல இல்லை."

எட்டு வயதுக்கு மேற்பட்ட மெத்தைகள் அனைத்தையும் முப்பது நாளுக்குள் மாற்ற வேண்டும் என்றும், ஒவ்வொரு வீடும் தன்னறிக்கைப் படிவம் தர வேண்டும் என்றும், ஆய்வுக்குழு நேரில் வந்து ஏ, பி, சி எனத் தரம் பிரித்துச் சான்றிதழ் வழங்கும் என்றும் முடிவானது. எட்டு என்ற எண் எப்படி வந்தது என்று கேட்டதற்கு, ஆறுக்கும் பத்துக்கும் நடுவில் எட்டுதான் இருக்கிறது என்று நிர்மல் விளக்கினான்.

படிவம் அன்று மாலையே வந்தது. நீளம், அகலம், கனம், நிறம், வாங்கிய தேதி, படுப்போர் எண்ணிக்கை, ஒவ்வொருவரும் படுக்கும் பக்கம் என்று பதினாறு கேள்விகள். பூச்சி இருக்கிறதா என்ற கேள்வி இல்லை.

கங்காதரனுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில், வண்டிகளுக்கு ரப்பர் பாகம் செய்யும் கம்பெனியில் தர ஆய்வாளர் வேலை. ஒரு பொருள் எத்தனை நாள் தாங்கும் என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவதே தொழில். இருபது வருடத்தில் ஒரு பொய்க் கையெழுத்துப் போட்டதில்லை. ஐந்தாவது கேள்வியில் பேனா நின்றுவிட்டது.

"என்னங்க, என்ன யோசனை?" என்றாள் ரேணுகா.

"நம்ம மெத்தைக்கு என்ன வயசு?"

இலவம்பஞ்சு மெத்தை. கல்யாணத்துக்கு ரேணுகாவின் அப்பா போடியிலிருந்து லாரியில் போட்டு அனுப்பியது. "கல்யாணம் ரெண்டாயிரத்து ஆறு. ஆனா பன்னிரண்டுல பிரிச்சு அடிச்சப்ப பாதிப் பஞ்சு புதுசா சேர்த்தோமே. பத்தொம்பதுல உறை மாத்தினோம். இதுல எதை வாங்கின தேதின்னு போடறது?" என்றாள் அவள்.

"ஆறுன்னு போட்டா பத்தொம்பது வயசு ஆகுது. நோட்டீஸ் போர்டுல பேர் போட்டுடுவாங்க."

"உறையும் மெத்தையில ஒரு பாகம்தானே."

அவர் 2019 என்று எழுதினார். எழுதி முடித்ததும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. ஜனவரியில் போடிக்குப் போய்த் திரும்பிய பெட்டியோடு வந்த பூச்சி அது. பிப்ரவரியில் படுக்கை விரிப்பை மாற்றும்போது அஞ்சலைதான் முதலில் கண்டுபிடித்தாள். "அம்மா, மெத்த ஓரத்துல பூச்சி கீதும்மா. மாடில வெயில்ல போட்டா நான் ஒரு கை புடிக்கிறேன்" என்றாள். தீர்மானம் பதினேழு இருந்தது. ரேணுகா மருந்து வாங்கி அடித்தாள். பூச்சி இரண்டு நாள் மயங்கிக் கிடந்துவிட்டு மறுபடி வந்தது. "யார்கிட்டயும் சொல்லிடாத அஞ்சலை" என்று கேட்டுக்கொண்டதற்கு, "எனக்கு இன்னாத்துக்கும்மா" என்று சொல்லிவிட்டு அவள் பாத்திரம் தேய்க்கப் போனாள். அந்தக் கட்டடத்தில் ஆறு வீடுகளில் அவளுக்கு வேலை. சங்க அலுவலகத்தைக் கூட்டுவதும் அவள்தான்.

ஆய்வுக்குழு என்றால் சிவராமனும் நிர்மலும். சிவராமன் கையில் டார்ச், நிர்மல் கையில் அளவு நாடா. நீளம் அளந்தார்கள், அகலம் அளந்தார்கள். பிறகு, "அமர்வுச் சோதனை" என்று சொல்லிவிட்டுச் சிவராமன் மெத்தையின் நடுவில் உட்கார்ந்தார்.  அவர் உட்கார்ந்த இடம், தலைமாட்டிலிருந்து இரண்டடி. அங்கேதான் அதிகம்.

"நல்லா இருக்கு" என்றார் சிவராமன், வசதியாகச் சாய்ந்துகொண்டு. "ஆறு வருஷ மெத்தை மாதிரியே தெரியலை. புதுசாத்தான் தெரியுது. பல பேர் கேக்கறாங்க, விரிப்பைத் தூக்கிப் பார்க்க மாட்டீங்களான்னு. நான் சர்வீஸ்ல இருந்தப்பவே அப்படிப் பண்ணினதில்ல. தூக்கிப் பார்த்தா ஏதாவது இருக்கும். இருந்தா எழுதணும். எழுதினா மேல அனுப்பணும். ஒருத்தர் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கார்னா நம்பணும் சார். நம்பிக்கைதான் நிர்வாகம்."

எழுந்திருக்கும்போது, அறையைக் கூட்டிக்கொண்டிருந்த அஞ்சலையைப் பார்த்தார். "நீ எல்லா வீட்டுக்கும் போறவ. இந்த வீட்டுல பூச்சி ஏதாவது பார்த்திருக்கியா?"

அஞ்சலை துடைப்பத்தை நிறுத்தினாள். ரேணுகாவைப் பார்த்தாள். ரேணுகா சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தாள். கங்காதரன் தம் சட்டைக் கையின் பொத்தானைச் சரிபார்த்தார்.

"இல்ல சார். ஒண்ணியும் பாக்கல" என்றாள் அஞ்சலை.

நிர்மல் அதையும் எழுதிக்கொண்டான். வாசல் கதவில் 'ஏ' என்று பச்சை எழுத்தில் ஒரு சான்றிதழ் ஒட்டப்பட்டது. அவர்கள் போனதும் ரேணுகா அஞ்சலைக்கு ஒரு டம்ளர் காபி கொடுத்தாள். நன்றி சொல்வது போலவும் இருக்கக் கூடாது, சொல்லாதது போலவும் இருக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்தாள். அஞ்சலை குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தாள்.

ஆய்வறிக்கை பத்து நாளில் தயாரானது. மறுபடி பொதுக்குழு. நாற்பத்தெட்டு வீடுகளில் நாற்பத்தேழு ஏ தரம். மெத்தைகளின் சராசரி வயது மூன்று ஆண்டு நான்கு மாதம். கட்டடத்தில் குடியேறியே பதினோரு ஆண்டாகிறது என்பதால், இந்த மக்கள் தூக்கத்துக்கு எவ்வளவு முக்கியத்துவம் தருகிறார்கள் என்பது இதிலிருந்து தெரிவதாக நிர்மல் பெருமைப்பட்டான். ஒரே ஒரு வீடு சி தரம்: முகமது இஸ்மாயில். வயது என்ற இடத்தில் பதினொன்று என்று எழுதியிருந்தார்.

"ஆகவே பூச்சி நம்ம மெத்தைகள்லேர்ந்து வரலைன்னு நிரூபணம் ஆகுது" என்றார் சிவராமன். "அப்ப வெளியிலேர்ந்து வந்திருக்கு. வெளியிலேர்ந்து வந்து, பல வீட்டுக்குள்ள போய், சங்க அலுவலகத்துக்கும் வர்ற ஒரே நபர் யாருன்னு பார்த்தோம்."

இஸ்மாயில் எழுந்தார். "சி தரம் வாங்கினவன் நான் இருக்கேன். என்னைக் கேக்கலையே?"

"உங்க வீட்டுல அஞ்சலை வேலை செய்யலை சார். சம்பந்தம் இல்லை."

தலைவி மென்மையான குரலில் பேசினார். "நான் யாரையும் ஏற்றத்தாழ்வாப் பார்க்கிறவ இல்லை. அஞ்சலை எங்க வீட்டுலயும் வேலை செய்யறாங்க. அவங்களுக்குன்னு தனியா டம்ளர் வச்சிருக்கேன், நல்ல டம்ளர். இது தண்டனையும் இல்லை. காலவரையற்ற ஓய்வு. ஒரு பெண்ணா, இன்னொரு பெண்ணுக்கு ஓய்வு குடுக்கறதுல எனக்குச் சந்தோஷம்தான்."

"எதிர்க்கிறவங்க கை தூக்கலாம்" என்றார் சிவராமன்.

இஸ்மாயில் தூக்கினார். கங்காதரனின் கையும் மடியிலிருந்து கொஞ்சம் எழுந்தது. கையைத் தூக்கினால் சட்டைக் கை சரிந்து முழங்கை வரை தெரியும் என்பது நினைவுக்கு வந்தது. கையை மறுபடி மடியிலேயே வைத்துக்கொண்டார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியதாகக் குறிப்பேட்டில் எழுதப்பட்டது. ஒரு கையை மட்டும் வைத்து ஏகமனதைக் கெடுப்பது முறையல்ல என்று சிவராமன் கருதினார்.

மறுநாள் காலை ஏழரைக்குக் கங்காதரன் ஸ்கூட்டரில் கிளம்பியபோது, கேட்டில் அஞ்சலை நின்றிருந்தாள். காவலாளி வேலுசாமி அவள் முகத்தைப் பார்க்காமல் பேசிக்கொண்டிருந்தார்.

"லிஸ்ட்ல உன் பேரு கீதும்மா. உள்ள உட்டா என் வேல பூடும்."

"நான் இன்னா பண்ணேன்னு கேக்கறேன். பூச்சிய நான் பையில எடுத்துகினு வந்தேனா?" அவள் கையிலிருந்த துணிப்பையைத் திருப்பிக் கொட்டினாள். சோற்று டப்பா, ஒரு மாற்றுப் புடவை, மாத்திரை அட்டை, பழைய செல்போன் எல்லாம் தரையில் விழுந்தன. அப்போதுதான் ஸ்கூட்டர் சத்தம் கேட்டுத் திரும்பினாள்.

கங்காதரன் ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு போனார். அம்பத்தூர் எஸ்டேட் போய்ச் சேரும் வரை அந்தக் கண்ணாடியை அவர் ஏற்றவில்லை. அன்று அவர் மேசைக்கு வந்த முதல் பெட்டியில் எல்லாப் பாகங்களும் சரியாக இருந்தன. அதை அவர் மூன்று முறை சோதித்தார். பக்கத்து மேசைக்காரர், உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

மாலையில் வீட்டுக்குப் போய்விட்டு, அங்கிருந்து நேராகச் சங்க அலுவலகத்துக்குப் போனார்.

"சார், பூச்சி எங்க வீட்டுது" என்றார்.

சிவராமன் நிமிர்ந்து பார்த்தார். "உட்காருங்க. எதை வச்சுச் சொல்றீங்க?"

கங்காதரன் சட்டைக் கையை மடித்துக் காட்டினார்.

"வேர்க்குரு மாதிரி இருக்கு. பருத்திப்பட்டுல புழுக்கம் ஜாஸ்தி, ஏரி பக்கம் பாருங்க."

கங்காதரன் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரைக் குப்பியை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே நாலு பூச்சிகள் இருந்தன. சிவராமன் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "இது எந்த மெத்தையிலேர்ந்து எடுத்ததுன்னு பூச்சியைப் பார்த்தா தெரியாதே."

"நான்தான் சார் எடுத்தேன். இப்பத்தான், எங்க மெத்தையிலேர்ந்து. மெத்தைக்கும் ஆறு வயசு இல்லை. பத்தொம்பது. நான் பொய் எழுதினேன்."

சிவராமன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். தப்பு செய்த ஜூனியருக்குப் புத்தி சொல்லும் கனிவு அவர் முகத்தில் வந்தது. "கங்காதரன் சார், உங்க மெத்தைக்கு ஏ கிரேடு குடுத்திருக்கேன். நானே உட்கார்ந்து பார்த்துக் குடுத்தது. ஏ கிரேடு மெத்தையில பூச்சி இருந்தா சான்றிதழ் தப்பு. ஒரு சான்றிதழ் தப்புன்னா நாற்பத்தேழும் சந்தேகம். அப்புறம் அறிக்கை, அப்புறம் தீர்மானம். ஒரு பூச்சிக்காக மொத்த நிர்வாகத்தையும் பிரிக்கச் சொல்றீங்களா?"

"அந்தம்மாவுக்கு ஆறு வீட்டு வேலை போச்சு சார்."

"உங்க வீட்டுல பூச்சி இல்லைன்னு அந்தம்மாவே வாக்குமூலம் குடுத்திருக்காங்க. நிர்மல் குறிச்சு வச்சிருக்கான். இப்ப நீங்க இருக்குன்னு சொன்னா, அவங்க ஆய்வுக்குழுகிட்ட பொய் சொன்னதா ஆகும். அதுக்குத் தனி நடவடிக்கை எடுக்கணும். அவங்களுக்கு நல்லது பண்ண வந்தீங்களா, கெடுதல் பண்ண வந்தீங்களா?"

கங்காதரன் குப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "அப்புறம், அந்த நீர்க்கசிவு மனு பரிசீலனையில இருக்கு" என்று சிவராமன் அன்போடு சொன்னார்.

வீட்டுக்கு வந்து குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினார்: 'ஐந்தாம் மாடி கங்காதரன். எங்கள் மெத்தைக்குப் பத்தொன்பது வயது. படிவத்தில் பொய் எழுதினேன். பூச்சி எங்கள் வீட்டிலிருந்து வந்தது. அஞ்சலைக்குச் சம்பந்தமில்லை.' ரேணுகா படித்துப் பார்த்து, "எழுதினோம்னு போடுங்க. நீங்க மட்டுமா எழுதினீங்க" என்றாள். 'எழுதினோம்' என்று திருத்தி அனுப்பினார்.

நாலு நிமிடத்தில் செய்தி நீக்கப்பட்டது. 'குழுவில் சொந்த விஷயங்களைத் தவிர்க்கவும். வாழ்த்துச் செய்திகள் ஞாயிறு மட்டும்' என்று செயலாளர் நினைவூட்டினார்.

ஆனால் நாலு நிமிடத்துக்குள் பார்க்க வேண்டியவர்கள் பார்த்துவிட்டார்கள். தனிச் செய்திகள் வரத் தொடங்கின. மூன்றாம் மாடி கிஷோர்: 'சார், தைரியமான ஆள் நீங்க. எங்களுதுக்குப் பதினாலு. மூணு மாசமா ஒரே கடி. இதை யாருக்கும் ஃபார்வர்ட் பண்ணிடாதீங்க.' முதல் மாடி எழிலரசி: 'எங்க மெத்தை என் மாமியார் வாங்கினது. அவங்களே போய்ச் சேர்ந்துட்டாங்க. எங்க கட்டில்லயும் இருக்கு அண்ணா.' கோமளா என்பவர் மருந்தின் பெயர் மட்டும் கேட்டிருந்தார். எட்டு மணிக்குள் பதினோரு வீடுகள். கடைசியில் வசந்தகுமாரி மேடமே ரேணுகாவைத் தொலைபேசியில் அழைத்தார். "ஒரு பொதுவான சந்தேகம்மா. தேக்குக் கட்டிலோட இடுக்குல இருந்தா எந்த மருந்து நல்லது? என் சிநேகிதி ஒருத்திக்காகக் கேக்கறேன்."

கங்காதரன் பதினோரு பேருக்கும் ஒரே பதில் அனுப்பினார்: 'நீங்களும் குழுவில் சொல்லலாமே.' பதினோரு இடத்திலும் நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குக் கணவனும் மனைவியுமாக மெத்தையைச் சுருட்டி, ஐந்து மாடிப் படியிலும் இறக்கினார்கள். சங்க அலுவலகத்தின் வாசலில், நல்ல வெயிலில், எல்லாப் பால்கனியிலிருந்தும் தெரியும்படி விரித்தார்கள். அரை மணி நேரத்தில் சூடு தாங்காமல் பூச்சிகள் ஓரத்தையலிலிருந்து வெளியே வரத் தொடங்கின. நாலு நாலாக, பத்துப் பத்தாக. ரேணுகா தன் வீட்டு மானம் சிமெண்ட் தரையில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பால்கனிகளில் ஆட்கள் வந்தார்கள், பார்த்தார்கள், உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள்.

இஸ்மாயில் மட்டும் வெந்நீர்க் குடத்தோடு இறங்கி வந்தார். "தள்ளுங்க" என்று சொல்லித் தரையில் ஊற்றினார். பிறகு கங்காதரனைப் பார்த்து, "அன்னைக்கே கையைத் தூக்கியிருக்கலாம்" என்றார்.

"தூக்கியிருக்கணும்" என்றார் கங்காதரன்.

இஸ்மாயில் மீதி வெந்நீரையும் ஊற்றிவிட்டு, காலிக் குடத்தோடு படியேறிப் போனார். 

சங்கத்திலிருந்து மறுநாள் கடிதம் வந்தது. தீர்மானம் பதினேழை மீறித் தோற்றத்தைக் கெடுத்ததற்குக் கண்டனம். மெத்தையைக் கங்காதரன் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டபடியால், அதைப் பற்றிய விசாரணைக்கு முகாந்திரமில்லை. ஏ தரச் சான்றிதழ் மெத்தை இல்லாமலேயே 2027 வரை செல்லும்.

கங்காதரன் அஞ்சலையைத் தேடித் திருமுல்லைவாயில் போனார். வீடு பூட்டியிருந்தது. ஆவடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டுப் பெண் சொன்னாள். இரண்டாவது முறை போனபோது அவள் இருந்தாள். கங்காதரன் வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னார். குழுவில் எழுதியது, நீக்கியது, மெத்தையை இறக்கியது. அவள் கேட்டுக்கொண்டாள்.

"அத்த அன்னிக்கே அந்த சார் கேக்கச்சொல்லோ சொல்லிருக்கலாமே" என்றாள். "நான் ஒங்களுக்கோசரம் பொய் சொன்னேன். நீங்க சட்டைப் பித்தானப் பாத்துகினு நின்னீங்க."

அவர் மன்னிப்புக் கேட்டார். அவள் உலை கொதிக்கிறது என்று உள்ளே போய்விட்டாள்.

மூன்று வாரத்தில் சங்கத்துக்குக் கருணை பிறந்தது. அஞ்சலை வேலை செய்த வீடுகளில் பாத்திரங்கள் குவிந்து கிடந்தன. பூச்சிக் கட்டடம் என்று அக்கம்பக்கத்தில் பெயர் பரவிவிட்டதால் புதிதாக யாரும் வேலைக்கு வரவில்லை. தலைவி தாமே பாத்திரம் தேய்த்து விரலில் புண் வந்த வாரம் சிறப்புக் கூட்டம் நடந்தது. அஞ்சலையை மன்னிப்பது என்று முடிவாயிற்று. மன்னிக்க வேண்டுமானால் அவள் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும் என்று சிவராமன் சுட்டிக்காட்டி, அதற்கும் ஒரு படிவம் தயாரித்தார். அதில் வேலை கொடுப்பவர்களில் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். மற்ற நாலு வீட்டாருக்கும் அன்று வெளியே வேலை இருந்தது. தலைவி கூட்டத்துக்குத் தலைமை வகிப்பதால் சாட்சியாக இருக்க முடியாது. கங்காதரனைக் கூப்பிட்டார்கள்.

அஞ்சலை காகிதத்தை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'என் வழியாகக் குடியிருப்பில் பூச்சி பரவியதை உணர்ந்து வருந்துகிறேன். இனி கவனமாக இருப்பேன்.'

படித்து முடித்துவிட்டுக் கங்காதரனைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க சார். பூச்சி யார் ஊட்டுது?"

"எங்க வீட்டுது" என்றார் கங்காதரன். சத்தமாகவே சொன்னார். "அஞ்சலை மேல எந்தத் தப்பும் இல்லை. இந்தக் கடிதத்துல நான்தான் கையெழுத்துப் போடணும்."

"அதெல்லாம் பேசி முடிச்சாச்சு கங்காதரன்" என்றார் தலைவி. "பழசைக் கிளறாம, பெருந்தன்மையா நடந்துக்கலாம்னுதானே எல்லாரும் கூடியிருக்கோம்."

"நானு பண்ணாததுக்கு நானு எதுக்குக் கையெழுத்துப் போடணும்?" என்றாள் அஞ்சலை.

"படிவம் அப்படித்தான் இருக்கு" என்றார் சிவராமன். "பண்ணாதவங்களுக்குன்னு தனிப் படிவம் இல்லை."

 கங்காதரன் எழுந்து நின்றார். "நான் சாட்சிக் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார். அதைச் சொன்னதும் பல வாரங்களில் முதல்முறையாக நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது.

"அப்ப மன்னிப்பு செல்லாது" என்றார் சிவராமன். "அந்தம்மா உள்ள வர முடியாது. உங்க இஷ்டம்."

அஞ்சலை பேனாவை எடுத்தாள். நிதானமாகத் தன் பெயரை எழுதினாள். எழுதிவிட்டுப் பேனாவைக் கங்காதரன் பக்கம் தள்ளினாள்.

"போடு சார்" என்றாள். "உனுக்கு மனசு சரியாவணும்னு என் ஆறு ஊட்ட நிறுத்தாத. நேரமாவுது."

கங்காதரன் போட்டார். கையெழுத்துக்குக் கீழே பெயரைத் தெளிவாக எழுதச் சொன்னார்கள். எழுதினார். தலைவி அஞ்சலையின் தோளைத் தொடுவது போலக் கையைக் கொண்டுபோய், தொடாமல், "எங்க வீட்டுல கொஞ்சம் பாத்திரம் இருக்கும்மா, முதல்ல அங்க வந்துடு" என்றார்.

மறுநாள் காலையில் ரேணுகா வாசல் கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். புது மெத்தை வந்து நாலு நாளாகியிருந்தது. எட்டு மணிக்கு அஞ்சலை நாலாம் மாடி வேலையை முடித்துவிட்டுப் படியேறி வந்தாள். ஐந்தாம் மாடித் தளத்தில் திரும்பி, அடுத்த படியில் கால் வைத்தாள்.

"அஞ்சலை" என்றாள் ரேணுகா. "நம்ம வீடு."

"ஒங்க ஊட்டுக்கு வேற ஆள் பாத்துக்கோங்கம்மா. ஆறாவது மாடில புச்சா ஒரு ஊடு சொல்லிகீறாங்க."

ரேணுகா கதவை விட்டு ஓரடி முன்னால் வந்தாள். கங்காதரன் அவளுக்குப் பின்னால் வந்து நின்றார். "மெத்தையை மாத்திட்டோம் அஞ்சலை. இப்ப எதுவும் இல்லை."

"தெரியும் சார்" என்றாள் அவள். "டெம்போல வந்து எறங்கச்சொல்லோ வேல திரும்பக் குடுப்பாங்களான்னு நான் வந்து கேட்டாண்டதான் நின்னுகினு இருந்தேன். உள்ள உடல. வேலுசாமி அண்ணன் மெத்தைக்கு ஒரு கை புடிக்கப் பூட்டாரு. நான்தான் கேட்டத் தொறந்து உட்டேன்."

சொல்லிவிட்டு, புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஆறாம் மாடிக்கு ஏறிப் போனாள்.